ட்ரையல் ஆள்

சோறு வெந்ததா என்று பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, பதம். தேர் செய்து முடித்ததும் சாமியை ஏற்றாமல் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு சொல் இருக்கிறது, வெள்ளோட்டம். தங்கத்தை உரைத்துப் பார்க்கிறோம், ஆற்றில் ஆழம் பார்க்கிறோம், வைத்தியர் நாடி பார்க்கிறார், கூத்தாடுகிறவர்கள் ஒத்திகை பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் ஒரு முடிவு உண்டு. வெந்திருந்தால் வடிப்போம், வேகவில்லை என்றால் இன்னும் இரண்டு விறகைத் தள்ளுவோம். ஒரே சோற்றை மூன்று வருஷம் பதம் பார்த்துக்கொண்டிருந்த மனிதரை நான் ஆம்பூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் கண்டேன். அவருக்குத் தமிழ்ச் சொற்கள் போதவில்லை. எல்லாவற்றையும் இங்கிலீஷில் வைத்திருந்தார்.

அவர் தோல் பதனிடுகிற எங்கள் டேனரியின் மேனேஜர். மெட்ராஸில் பெரியமேட்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பத்து வருஷம் இருந்ததாகச் சொல்வார். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பாலாற்று மணல் கொதிக்கிற சித்திரை மாதத்திலும் கழுத்தில் டை. தோல் கிடக்கிற பக்கம் வரும்போது மூக்கில் கைக்குட்டை. தோல் வாசனை பிடிக்காத ஆள் தோல் வியாபாரத்துக்கு ஏன் வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டு முதலாளி முதற்கொண்டு எல்லாரும் அவருக்கு ஏதோ தெரியும் என்று நினைத்தார்கள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் லுங்கித் தறி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மறுபடியும் தறிக்குழியில் கால் விட எனக்கு மனமில்லை. நூலில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே விரலால் கண்டுபிடிப்பேன் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, டேனரியில் தோலை ரகம் பிரிக்கிற வேலைக்குக் கூப்பிட்டார்கள். பதப்படுத்திக் காயவைத்த ஆட்டுத்தோல் மேஜைக்கு வரும். முள் கீறல், உண்ணி கடித்த இடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம், ஆட்டுக்கு அம்மை போட்ட தழும்பு, எல்லாவற்றையும் பார்த்து, உசத்தியான ஒன்றாம் நம்பரிலிருந்து ஆறாம் நம்பர் வரை பிரிக்க வேண்டும். அம்மைத் தழும்பு கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை அழுத்தி ஓட்டினால் மணல் மாதிரி நெருடும்.

முதல் நாள் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "த்ரீ மந்த்ஸ் ட்ரையல். அப்புறம் பாக்கலாம்" என்றார். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மூன்று மாதம்தானே, அதற்குப் பிறகு பர்மனென்ட் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து மேஜையில் நின்றிருந்தவர் சிரித்தார். பேரணாம்பட்டுக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏண்ணே சிரிக்கிறீங்க?"

"எனக்கும் மூணு மாசம்னுதான் சொன்னாரு. ஒன்ற வருசம் ஆவுது. இப்ப ட்ரையல் இல்லியாம், ப்ரொபேஷனாம்."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"அது புதுசு, இது பழசு. வேற ஒண்ணும் கெடயாது. தோலப் புடி."

அவர் கட்டைவிரல் அப்படி ஒரு விரல். நான் ஒரு தோலை இரண்டு தரம் புரட்டுவதற்குள் அவர் நாலைத் தள்ளிவிடுவார். ஒன்றுகூடத் தப்பாது. முதலாளி எப்போதாவது மேஜைப் பக்கம் வந்தால் அண்ணன் பிரித்த அடுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அந்த மனிதரும் வாலிபத்தில் அதே மேஜையில் நின்றவர், பேசாமல் போவதுதான் அவர் தருகிற பாராட்டு. இப்படிப்பட்ட கையைத்தான் மேனேஜர் ட்ரையலில் வைத்திருந்தார். குரங்கு கையில் பூமாலை என்று வேறு எதைச் சொல்வது?

பர்மனென்ட் ஆட்களுக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தான் ரகம் பிரித்த தோலின் வால் பக்க ஓரத்தில் சாக்குக்கட்டியால் தன் குறியைப் போடலாம். ஒருவருக்குப் பிறை, ஒருவருக்குச் சூலம், ஒருவருக்குச் சும்மா ஒரு வட்டம். லண்டன் வரை போகிற தோலில் நம் கை இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெருமை. எங்களுக்கு அது கிடையாது. ட்ரையல் ஆள் குறி போடக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு. எங்கள் கட்டுகள் மேனேஜரின் ரப்பர் ஸ்டாம்ப்போடு வெளியே போகும். 'செக்ட்' என்று அதில் இருக்கும். அவர் எதையும் செக் பண்ணியது கிடையாது, மை ஊற்றுகிற வேலைகூடப் பியூனுடையது.

மூன்று மாதம் முடிந்தது. போய் நின்றேன். "ஒரு டெஸ்ட் வெக்கணும்" என்றார். டெஸ்ட் முடிந்தது. "யூ ஆர் அண்டர் அப்சர்வேஷன்" என்றார். ஆஸ்பத்திரியில் பேதிக்காரனைப் படுக்க வைத்துச் சொல்கிற வார்த்தை அது. அடுத்த மூன்று மாதம் ப்ரொபேஷன். அதற்கடுத்து ப்ரொபேஷன் எக்ஸ்டென்ஷன். அண்ணன் அதற்குள் 'எக்ஸ்பெரிமென்டல் பேசிஸ்' வரைக்கும் போய்விட்டார். மேனேஜர் தலைக்குள் தோலைப் பற்றி ஒரு விவரமும் இல்லை, ஆனால் ஒரு ஆளை உள்ளேயும் விடாமல் வெளியேயும் விடாமல் வாசற்படியில் நிறுத்த எத்தனை வார்த்தை! டேனரி வாசலில் இருந்த டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுப்பார், "ரெண்டு ட்ரையல் வந்துக்கீது, டீ போடு." நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமன் மகளை எனக்கென்றுதான் பேசி வைத்திருந்தார்கள். மாமா வேலூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூன். பர்மனென்ட் பியூன். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதிதான், பர்மனென்ட் ஒன்று, டெம்பரரி ஒன்று. நான் போகும்போதெல்லாம் சாப்பாடு போட்டு, கை கழுவின பிறகு கேட்பார்.

"இன்னா மாப்ள, ஆர்டர் வந்துச்சா?"

"ப்ரொபேஷன்ல கீறேன் மாமா."

"போன தடவயும் அதான சொன்ன? பர்மனென்ட் லெட்டரக் கொண்டா, அன்னிக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம். ட்ரையல் பாக்குற ஆளுக்குப் பொண்ணக் குடுத்தா, நாளைக்கு என் பொண்ணயும் ட்ரையல் பாத்தேன்னு திருப்பி அனுப்புவான்."

கதவுக்குப் பின்னால் அவள் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். வளையல் சத்தம் வரும். திருப்பத்தூரில் இருந்து ஒரு வரன் வந்து போனதாக, மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார் என்று, அத்தை சாடையாகச் சொன்னாள். அடுத்த பொங்கலுக்குள் லெட்டர் வராவிட்டால் அவள் எனக்கு இல்லை என்பது அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் நான் மேனேஜரின் டெஸ்டை உற்றுக் கவனிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நடக்கும். இரண்டு டஜன் தோலை எடுத்து முதலில் அவர் தனியாக உட்கார்ந்து ரகம் பிரித்து நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு கலைத்து எங்களிடம் கொடுப்பார். அவர் நோட்டில் இருப்பதும் எங்கள் பிரிப்பும் ஒத்துப்போனால் பாஸ். அண்ணன் ஒவ்வொரு தரமும் ஃபெயில். நானும் ஃபெயில். எங்கள் இரண்டு பேருடைய பிரிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், அவருடையதோடு மட்டும் போகாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவர் பானையையே கவிழ்த்துவிட்டு அரிசி சரியில்லை என்கிற ரகம்.

ஒருநாள் அவர் தனியாக உட்கார்ந்து பிரிக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் ஒரு பூதக்கண்ணாடி. தோலை விரலால் தொடவே இல்லை. பியூன் விரித்துக் காட்ட, தள்ளி நின்று நிறத்தைப் பார்த்தார். வெளுப்பாக இருந்தால் ஒன்றாம் நம்பர். கொஞ்சம் பழுப்பு ஏறியிருந்தால் மூன்று. கறுத்திருந்தால் ஐந்து. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, சிவப்பாக இருந்தால் போதும் அவருக்கு. அம்மைத் தழும்பு, உண்ணிக்கடி எல்லாம் அவர் நோட்டுக்குள் வரவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா நீ என்று இருந்தது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்பா" என்றார் அவர். "மொத டெஸ்ட்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா அண்ணே? அந்த ஆளு மாதிரியே நிறத்தப் பாத்துப் போட்டுட்டுப் போவ வேண்டிதான?"

"அப்பறம் கட்டு வெளிய போவுதே, அங்க தொட்டுப் பாக்குறவன் இன்னா நெனைப்பான்? அழுவுன தக்காளிய மேல வெச்சு விக்கிற மாதிரி ஆயிடும். அந்தப் பேஜாரு எனக்கு வாணாம்."

எனக்கு அந்தப் பேஜார் வேண்டியிருந்தது. பொங்கலுக்கு நாலு மாதம்தான் இருந்தது. அடுத்த டெஸ்டில் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, கண்ணை மட்டும் வைத்துப் பிரித்தேன். வெளுத்தது ஒன்று, கறுத்தது ஐந்து. இருபத்துநாலில் இருபத்திரண்டு ஒத்துப்போனது. மேனேஜர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். "எக்ஸலென்ட். நவ் யூ ஹேவ் தி ஐ" என்றார். கண் வந்துவிட்டதாம் எனக்கு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டெஸ்ட் இல்லாத நாளிலும் அவர் எந்த நேரம் வந்து பார்ப்பாரோ என்ற பயத்தில் தினசரி வேலையையும் அப்படியே செய்தேன். அண்ணன் என் அடுக்கில் ஒரு தோலை எடுத்து விரலை ஓட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மார்கழி பிறந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு டைப் அடித்த ஒரு காகிதத்தைக் காட்டினார். என் பர்மனென்ட் லெட்டர். முதலாளி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, அவர் மெட்ராஸிலிருந்து வந்ததும் வாங்கிவிடலாம் என்றார். அன்று சாயங்காலமே வேலூருக்குப் பஸ் ஏறி மாமாவிடம் சொல்லிவிட்டேன். அத்தை பாயசம் வைத்தாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கவில்லை, அவளே வெளியே வந்து பரிமாறினாள்.

முதலாளி மெட்ராஸிலிருந்து வந்தார். கூடவே ஒரு கட்டும் திரும்பி வந்தது. ஒன்றாம் நம்பர் என்று போன கட்டு. வாங்குகிறவர்கள் மேலே இருந்த சில தோல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மீதியைப் பிரிக்காமலே திருப்பிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் முதலாளி பெயருக்கு அப்படி ஒன்று நடந்ததில்லை. கட்டின் மேல் 'செக்ட்' ஸ்டாம்ப் இருந்தது. அதனால் ட்ரையல் ஆட்களின் கட்டு என்று தெரிந்தது. எந்த ட்ரையல் ஆள் என்றுதான் தெரியவில்லை.

முதலாளி எங்கள் பக்கம் வருவதற்குக் கால் மணி முன்னால் மேனேஜர் என் மேஜைக்கு வந்து மெதுவான குரலில், "லெட்டர் ரெடியா இருக்கு. டோன்ட் கன்ஃப்யூஸ் மேட்டர்ஸ்" என்றார். அவருக்கு என்ன பயம் என்று எனக்குப் புரிந்தது. கட்டு என்னுடையது என்றால், என்னைப் பாஸ் பண்ணிய டெஸ்டும் அழுகல், அவர் கண்ணும் அழுகல் என்று ஆகிவிடும். கட்டு அண்ணனுடையது என்றால், மூன்று வருஷமாக ஃபெயில் ஆகிறவன் வேலை அப்படித்தானே இருக்கும் என்று ஆகும்.

முதலாளி கட்டைத் தன் கையாலேயே பிரித்தார். ஆட்டுத்தோலை முதுகுத் தண்டு வழியாக ஒரே மடிப்பாக மடித்து அடுக்குவதுதான் டேனரி வழக்கம். நான் கவனம் தவறுகிற நேரத்தில் நீளவாட்டில் மடித்து, குறுக்கே இன்னும் இரண்டு மடிப்புப் போட்டு, மேலே உள்ளங்கையால் ஒரு நீவு நீவி வைத்துவிடுவேன். எங்கள் வீட்டில் லுங்கி மடிக்கிற மடிப்பு அது. பிறந்ததிலிருந்து செய்த கை, சொல்பேச்சு கேட்காது. கட்டின் உள்ளே தோல்கள் கடை அலமாரியில் லுங்கி இருக்கிற மாதிரி வரிசையாக இருந்தன. மேனேஜருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி ஒரு தோலைக் கையில் எடுத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடி அதே தடத்தில் மடித்தார். அவர் இடுப்பில் இருந்ததே குடியாத்தத்து லுங்கிதான்.

"இது யாரு கை?" என்று கேட்டார்.

மேனேஜர் அண்ணனைக் காட்டினார். முதலாளி அவரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. யாரு மேஜையில இருந்து போச்சு?"

லெட்டர், பொங்கல், பாயசம் எல்லாம் என் கண்முன்னால் வந்தது. அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதும் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"அண்ணன் மேஜைங்க" என்றேன்.

முதலாளி அண்ணனிடம், "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

அண்ணன் அந்த மடித்த தோலை ஒரு தரம் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாததா மொதலாளி? நான் சொல்றதுக்கு இன்னா கீது?" என்றார். ஆணியில் மாட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவராகவே வெளியே போனார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நிறுத்தவும் இல்லை. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் சட்டென்று லெட்டரை நீட்டினார். முதலாளி அதைப் படித்தார். பேனாவைத் திறந்தபடி என்னைப் பார்த்து, "லுங்கி நல்லா மடிக்கிற" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேனேஜரிடம் சொன்னார், "இவன வெச்சுக்கங்க. இவன் எங்கயும் போமாட்டான்."

கை தெரிந்தவன் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு மரியாதை கேட்பான், இல்லையென்றால் போய்விடுவான். மாட்டிக்கொண்டவன் கேட்கவும் மாட்டான், போகவும் மாட்டான். அந்தக் கணக்கு முதலாளிக்கு ஒரு நொடியில் வந்தது. மேனேஜரை நான் அதுவரை வெறுத்தது வேறு. அன்றைக்கு என்னையே வெறுத்தேன். ஆனாலும் லெட்டரை நாலாக மடித்து உள்பையில் பத்திரமாக வைத்தேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் மாமா அந்த லெட்டரைக் காட்டினார்.

சித்திரையில் ஒருநாள் வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். ஒளிய இடமில்லை. அவரே கிட்டே வந்தார். எங்களிடமிருந்து போன மறுநாளே அந்த ஊரில் ஒரு டேனரிக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த மேஸ்திரி ஒரு தோலைக் கையில் கொடுத்து, விரல் ஓடுகிறதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வா என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் டெஸ்ட். இப்போது அவருக்குக் குறி உண்டு. பெரிய பெண்ணுக்குப் பிடித்த கோழிக்குஞ்சை வரைகிறாராம், முட்டை மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சிரிக்கிறார்களாம்.

அந்தக் கட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். பஸ் வந்து நின்றது. ஏறப்போனவர் படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினார்.

"எங்க டேனரில ஒரு மேஜ காலி. உன் வெரலு நல்ல வெரலுதான்பா, நீதான் அத வேஷ்டில தொடச்சுட்ட. வர்றியா? ட்ரையல் கிய்யல் ஒண்ணும் கெடயாது."

"இல்லண்ணே" என்றேன். "நான் பர்மனென்ட் ஆயிட்டேன்."

அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.